பகலில் விளக்கு பார்க்கப் போனவர்

அவரோடு கல்யாணத்துக்குப் போனால் தாலி கட்டுவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். பந்தலுக்குக் கீற்று வந்து இறங்குவது, சமையல்காரர் அடுப்புக்குக் கல் தேடி அலைவது, மாப்பிள்ளை வேப்பங்குச்சியும் கையுமாகக் கிணற்றடிக்குப் போவது எல்லாம் கண்குளிரப் பார்க்கலாம். மேளக்காரர்கள் வந்து சேர்ந்து, ஐயர் ஓமத்தை மூட்டி, கூட்டம் முன்னால் நகர ஆரம்பித்ததும் இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார்.

"கெளம்பு, கெளம்பு. தாலி கட்டுனதும் கூட்டம் பூராம் பஸ்ஸுக்கு ஓடியாரும். நமக்கு எடம் கிடைக்காது."

கெட்டிமேளச் சத்தம் கேட்கும்போது நாங்கள் ரோட்டோரம் ஒரு புளியமரத்தடியில் நின்றுகொண்டிருப்போம். பஸ் வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கும். கல்யாணச் சாப்பாட்டை முடித்து, வெற்றிலை போட்டு, தூங்கியும் எழுந்து வந்தவர்கள் எங்களோடு அதே பஸ்ஸில் ஏறுவார்கள். அவர்களுக்கும் இடம் இருக்கும்.

நான் அவர் ஊருக்கு டீச்சராகப் போனது ஐம்பதுகளின் கடைசியில். ரெட்டியார்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஓர் ஓடையைத் தாண்டி இரண்டு மைல் நடந்தால் வரும் சின்ன ஊர். அங்கே இவர் வீட்டின் பக்கத்து அறையில்தான் ஐந்து வருஷம் குடியிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம், அவர் பெயரும் வேண்டாம். சொன்னால் அவருடைய பேரன்கள் சண்டைக்கு வருவார்கள். அதுவும் நான் எழுதி முடிப்பதற்கு முன்பே வந்துவிடுவார்கள்.

முதல் நாள் காலை இருட்டோடு கதவைத் தட்டினார். "டீச்சர், பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு." பள்ளிக்கூடம் ஒன்பதரைக்கு. அவர் தட்டியது ஐந்தரைக்கு. பள்ளிக்கூடத்துக்கும் என் அறைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான் இருந்தது.

அவர் தோட்டத்தில் கனகாம்பரமும் மல்லிகையும் போட்டிருந்தார். திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு விடிவதற்குள் பூ போய்ச் சேர வேண்டும், அதனால் வந்த பழக்கம் என்று ஊரில் அவருக்குப் பரிந்து பேசுபவர்கள் சொல்வார்கள். ஊரில் வேறு பூக்காரர்களும் இருந்தார்கள். அவர்கள் எல்லாம் தாலி கட்டுவதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள்.

அவர் மனைவி நாகம்மா அக்காவிடம் நானே ஒருநாள் கேட்டேன். "சின்ன வயசுல எதையாவது தவற விட்டுட்டாருங்களாக்கா?"

அக்கா பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "எங்கிட்டு டீச்சர்! தவற விட்டிருந்தாத்தான் தேவலையே. எங்க மாமியா சொல்லும், எட்டு மாசத்துலயே பெறந்துட்டாருன்னு."

அக்காவுக்குச் சினிமா என்றால் உயிர். ரெட்டியார்சத்திரத்தில் டூரிங் கொட்டகை போட்டால் அவர் கூட்டிப் போவார், அதில் குறை சொல்ல முடியாது. டிக்கெட் கொடுப்பவர் வருவதற்கு முன்னால் போய்த் தரையில் நல்ல இடமாகப் பார்த்து உட்கார வைப்பார். கதாநாயகி கண்ணீரும் கம்பலையுமாக ஓடும்போது, வில்லன் கத்தியை உருவும்போது, "எந்திரி, வெளிய நெரிசலாயிரும்" என்று இழுத்துக்கொண்டு வந்துவிடுவார். அக்கா அப்படிப் பதினோரு படம் பார்த்திருந்தாள். ஒன்றுக்கும் முடிவு தெரியாது. வீட்டுக்கு நடந்து வரும் வழியில் அவளாகவே ஒரு முடிவு கட்டிவிடுவாள். ஒருமுறை நான் முழுதாகப் பார்த்துவிட்டு வந்து, கதாநாயகி பிழைத்துக்கொண்டாள் என்று சொன்னபோது அக்கா கையில் இருந்த வாழைநாரைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்படியா! நான் அவளைக் கொன்னுல்ல போட்டேன்."

தைப்பூசத்துக்குப் பழனிக்குப் போனார்கள். தேர் சாயங்காலம் நகரும். இவர்கள் காலையிலேயே போய்த் தேருக்கு அலங்காரம் செய்வதைப் பார்த்து, வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மூன்று மணிக்கே பஸ் ஏறிவிட்டார்கள். தேர் எப்படி இருந்தது என்று கேட்டேன். "நல்லாத்தான் இருந்துச்சு டீச்சர். நின்னுச்சு" என்றாள் அக்கா.

தம்முடைய ஒரே மகள் கல்யாணத்தில் மட்டும் அவரால் பாதியில் கிளம்ப முடியவில்லை. பெண்ணைப் பெற்றவராயிற்றே. பந்தலுக்கு வெளியே கால்மாற்றி மாற்றி நின்றுகொண்டு, தம் வீட்டு வாசலிலேயே, எங்கே போவதென்று தெரியாமல் தவித்தார்.

ஒரே ஒரு தடவை அவருடைய அவசரம் எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. அதைச் சொல்லாமல் இவ்வளவு கேலி செய்தால் எனக்கே நாக்குக் கூசும். ஒரு ஐப்பசி மாதம், கீரனூரில் என் அப்பா சீரியஸாக இருப்பதாகத் தந்தி வந்தது. பழனி பஸ் ஐந்து மணிக்கு. மழை தூறிக்கொண்டிருந்தது. மழை விடட்டும் என்று அக்கா சொன்னாள், பக்கத்து வீட்டார் சொன்னார்கள். இவர் இரண்டு மணிக்கே என் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்.

"மழை அது வேலையைப் பாக்கட்டும். நீங்க நடங்க டீச்சர்."

ஓடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர் இருந்தது. தாண்டி அக்கரை மேட்டில் ஏறி முப்பது அடி போயிருப்போம். பின்னால் ஓர் இரைச்சல் கேட்டது. திரும்பிப் பார்த்தால், நாங்கள் நடந்து வந்த இடத்தில் செம்மண் தண்ணீர் வேரோடு ஒரு கருவேல மரத்தை உருட்டிக்கொண்டு போகிறது. அதற்குப் பிறகு இரண்டு நாள் யாரும் அந்த ஓடையைத் தாண்டவில்லை. நான் கீரனூர் போய்ச் சேர்ந்தபோது அப்பாவுக்கு நினைவு இருந்தது. "வந்துட்டியா கண்ணு" என்றார். விடியற்காலையில் போய்விட்டார். அந்த ஓர் இரவு எனக்குக் கிடைத்தது இவரால்தான். இன்றைக்கும் நினைத்தால் கை கும்பிடத்தான் போகிறது.

ஆனால் அதற்குப் பிறகு அவரோடு ஊரில் ஒருவரும் பேசி ஜெயிக்க முடியவில்லை. முடி வெட்டிக்கொள்ளக் கோழி கூவும்போதே போனாலும் சரி, பொங்கலுக்கு மார்கழி பிறந்ததும் வெள்ளையடித்தாலும் சரி, யாராவது வாயைத் திறந்தால் ஒரே கேள்விதான். "ஓடையில தண்ணி வந்துச்சா இல்லையா?" கேட்டுவிட்டு என்னைக் கை காட்டுவார். நான் சாட்சி. நான் தலையாட்டுவேன். வேறு என்ன செய்வது?

இப்படி இருக்கும்போதுதான், என்னோடு வேலை பார்த்த மேரி டீச்சர் எங்கள் மூன்று பேரையும் கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டார். அவர் வீடு திண்டுக்கல்லில், மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள தெருவில் இருந்தது. அந்த வருஷம் கோயில் கோபுரத்துக்கு உச்சி வரை கலர் பல்பு போடுகிறார்களாம். தெருவில் வீட்டுக்கு வீடு நட்சத்திரமாம். எங்கள் ஊருக்கு அப்போது கரண்டு வரவில்லை. கம்பம் மட்டும் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அக்காவுக்கு மண்ணெண்ணெய் விளக்கை விட்டால் சினிமாக் கொட்டகை வெளிச்சம்தான் தெரியும். அதிலும் பாதிதான் தெரியும்.

"லைட்டு பாக்கணும்னு ஆசையா இருக்கு டீச்சர்" என்று அக்கா என்னிடம் சொன்னாள். நான் அவரிடம் சொன்னேன். அவர் உடனே சம்மதித்தார்.

"அதுக்கென்ன, போவோம். வெளிச்சம் இருக்கும்போதே போயிட்டு வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிரலாம்."

நான் அப்போதே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

முதல் பஸ்ஸில் போய் இறங்கினோம். மேரி டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டியபோது மணி ஆறே முக்கால். நடுச்சாமப் பூசைக்குப் போய்விட்டு வந்து அந்த வீட்டில் எல்லோரும் அடித்துப்போட்டது போலத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மேரி டீச்சரின் அப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டு கதவைத் திறந்தார். பால் கொண்டு வந்தவர்கள் என்று நினைத்து உள்ளே திரும்பிச் செம்பு கேட்டார்.

அவர்கள் குளித்துக் கிளம்புவதற்குள் இவர் எங்களைத் தெரு பார்க்கக் கூட்டிப் போனார். நல்ல வெயில் ஏறிவிட்டது. வீட்டு வாசல்களில் மூங்கில் சட்டத்தில் காகிதம் ஒட்டிய நட்சத்திரங்கள் தொங்கின. கோபுரத்தில் மேலிருந்து கீழே கயிறு கயிறாகப் பல்பு. சிவப்பும் பச்சையும் பூசிய பல்புகள், ஒன்றுகூட எரியாமல், வெயிலில் கத்தரிப் பிஞ்சு போலத் தொங்கிக்கொண்டிருந்தன. இவர் இடுப்பில் கை வைத்து நின்று அண்ணாந்து பார்த்தார்.

"பாத்துக்க. இதுதான் லைட்டு. ராத்திரி இது எரியும். எரிஞ்சா எப்படி இருக்கும்? வெளிச்சமா இருக்கும். அம்புட்டுத்தான்."

அக்கா பார்த்தாள்.

மேரி டீச்சரின் அப்பா பிறகு எங்களைக் கோயிலுக்குள் கூட்டிப்போய்க் குடிலைக் காட்டினார். வைக்கோல் பரப்பி, மாடும் ஆடும் வைத்து, நடுவில் குழந்தை. சற்றுத் தள்ளி ஒட்டகத்தோடு மூன்று ராஜாக்கள். இவர் அந்த மூவரையும் சந்தேகத்தோடு பார்த்தார்.

"இவங்க யாரு?"

"பிள்ளை பெறந்த சேதி கேட்டுக் கெழக்கேயிருந்து வந்த ராசாக்கள். வந்து சேரப் பன்னெண்டு நாளாச்சும்பாங்க."

"பன்னெண்டு நாளா!" என்றார் இவர். அதற்குப் பிறகு ராஜாக்கள் பக்கம் அவர் திரும்பவே இல்லை. குழந்தைக்கு மட்டும் ஒரு கும்பிடு போட்டார்.

மத்தியானம் பிரியாணி. இவர் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், நன்றாக இருப்பதாகவும் சொன்னார். கையைக் கழுவிய ஈரம் காய்வதற்குள், "அப்ப நாங்க செத்த நேரத்துல கெளம்புறோம்" என்று ஆரம்பித்தார். மணி ஒன்றரை. பழனி ரோட்டில் மணிக்கு ஒரு பஸ் உண்டு. கடைசி பஸ் ஏழே முக்காலுக்கு. மேரி டீச்சர் விரல்விட்டு எண்ணிச் சொல்லிப் பார்த்தார். "கடைசி பஸ்ஸுன்னாலே கூட்டம்தான். அதுக்கு முந்துனது கடைசிக்குப் பயந்தவங்க ஏறுறது. அதுக்கும் முந்துனதுல போனாத்தான் எடம்" என்று இவர் கணக்குப் போட்டார். மூன்றரை மணி வரைக்கும்தான் எங்களால் அவரை உட்கார வைக்க முடிந்தது.

மேரி டீச்சரின் அம்மா அதிரசமும் முறுக்கும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். எல்லோரும் வாசலுக்கு வந்தோம். இவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அக்கா படியிலேயே நின்றாள்.

"வா புள்ள, நேரமாச்சு."

"நான் வரலை."

அவருக்குக் காதில் விழவில்லை என்றுதான் நினைக்கிறேன். "என்னது?" என்றார்.

"நான் வரலைங்க. இந்த லைட்டு எரியட்டும். பாத்துட்டு வாரேன்."

"பஸ்ஸு போயிரும்."

"போகட்டும். அடுத்தது வரும்."

"வரலைன்னா?"

"வரலைன்னா நடந்து வாரேன்."

தெருவில் போய்க்கொண்டிருந்த ஒன்றிரண்டு பேர் நின்றார்கள். அவர் முகம் கறுத்தது. கடைசி ஆயுதத்தை எடுத்தார். "ஓடையில தண்ணி வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு" என்றாள் அக்கா. குரலை உயர்த்தவே இல்லை. "வரலைன்னு யாரு சொன்னா? அதுக்காகத் தெனமும் வருமா? ஊரான் வீட்டுக் கல்யாணத்துல ஒரு தாலி கட்டிப் பாத்ததில்ல. தேரு நகந்து பாத்ததில்ல. ஒரு படத்துல நல்லவன் பொழச்சானா செத்தானான்னு தெரியாது. உங்களைக் கட்டி இருவத்தெட்டு வருசம் ஆச்சு. இதுவரைக்கும் வரமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா? இந்த ஒண்ணைப் பாத்துட்டு வாரேன்."

சொல்லும்போது அவள் கை வாசல் தூணைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அவர் என்னைப் பார்த்தார். சாட்சியை. முதல் தடவையாக நான் தலையாட்டவில்லை.

"சரி, இருங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். உண்மையிலேயே போய்விட்டார். எனக்கு மனசு கேட்காமல் பின்னாலேயே பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். நாலே முக்காலுக்குப் புறப்படும் பஸ்ஸில், டிரைவர் கண்டக்டர்கூட இல்லாத பஸ்ஸில், முன் சீட்டில் ஜன்னலோரம் நேராக உட்கார்ந்திருந்தார். அவரைத் தவிர உள்ளே ஒருவரும் இல்லை. இடம் தாராளமாகக் கிடைத்திருந்தது.

"நீங்களும் இருந்து பாத்துட்டு ஒண்ணாப் போலாமுங்களே" என்றேன்.

"டீச்சர், நீங்க படிச்சவங்க. என்னால முடியாது டீச்சர்." அவர் என்னைப் பார்க்காமல் எதிரே கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். "ஒண்ணு நடக்கப் போகுதுன்னு எல்லாரும் வாயப் பொளந்து பாத்துக்கிட்டு நிக்கிறாங்கள்ல, அப்ப எனக்கு இருப்புக் கொள்ளாது. எந்திரிச்சுப் போனாத்தான் சரியாகும். சின்னதுலருந்தே அப்படித்தான். அவகிட்ட சொல்லாதீங்க."

தோளில் இருந்த துண்டை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார். "இதக் குடுங்க. பனி விழும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து வருஷத்தில் அவர் எதிரே எனக்குச் சிரிப்பு வராத நேரங்கள் இரண்டுதான். ஓடைக்கரையில் ஒன்று, அந்த ஜன்னலருகில் ஒன்று.

ஆறே காலுக்கு இருட்டியது. கோயில் முன்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆறரைக்கு யாரோ எங்கேயோ சுவிட்சைப் போட்டார்கள். கோபுரம் அடி முதல் நுனி வரை சட்டென்று பற்றிக்கொண்டது போல எரிந்தது. கூட்டம் ஓவென்று கத்தியது. தெருவில் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக மஞ்சளும் சிவப்புமாக விழித்தன. கோபுரத்தில் இடப்பக்கம் ஒரு வரிசை மட்டும் எரியவில்லை. அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

அக்கா துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு நின்றாள். முகத்தில் பச்சையும் சிவப்பும் விழுந்தன. பிறகு என் காதருகே குனிந்து கேட்டாள்.

"டீச்சர், இனி என்ன நடக்கும்?"

"இனி ஒண்ணும் நடக்காதுக்கா. இப்படியே எரியும்."

"அப்ப பாத்துக்கிட்டே இருக்கலாமா?"

"இருக்கலாம்."

அவள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. துடைக்கவும் இல்லை.

ஏழே முக்கால் பஸ்ஸில், அவர் பயந்த கடைசி பஸ்ஸில், பாதி சீட் காலியாக இருந்தது. ரெட்டியார்சத்திரத்தில் நாங்கள் இறங்கியபோது ரோட்டோர டீக்கடை வெளிச்சத்தில் அவர் நின்றார். கையில் டார்ச் லைட்.

"எப்ப வந்தீங்க?" என்றாள் அக்கா.

"இப்பத்தான்."

டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே சிரித்தார். "இப்பத்தானா? அஞ்சரைக்கு எறங்குன ஆளு தாயி. உங்க ஊருக்குப் போற மாட்டு வண்டி ரெண்டு வந்துச்சு. ஏறிக்கங்கன்னு கூப்பிட்டாங்க, மாட்டேன்னுட்டாரு. மூணு மணி நேரமா இந்த ரோட்டையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு."

"அவனுக்கு மணி பாக்கத் தெரியாது" என்றார் அவர். "இப்பத்தான் வந்தேன்."

மூவரும் நடந்தோம். ஓடை வறண்டு கிடந்தது. தாண்டி மேட்டில் ஏறிய பிறகு அவர் தொண்டையைக் கனைத்தார்.

"எரிஞ்சுச்சா?"

"எரிஞ்சுச்சு. ஒரு வரிசை மட்டும் எரியல."

அவர் நின்றுவிட்டார். "ஏன் எரியல?"

"தெரியல."

"முன்கூட்டியே போட்டுப் பாத்திருக்கணும்ல? சாயங்காலம் வந்து சுச்சைத் தட்டுனா இப்படித்தான் ஆகும். காலையில நாம போனப்பவே ஒருத்தன் ஏணியை வச்சு ஏறியிருந்தான்னா..."

கோபுரத்துக்கு எப்போது ஏணி வைத்திருக்க வேண்டும், யார் ஏறியிருக்க வேண்டும், எத்தனை நாளுக்கு முன்னால் ஒயரைச் சோதித்திருக்க வேண்டும் என்று அவர் விளக்கிக்கொண்டே வந்தார். அக்கா ம், ம் என்று கேட்டுக்கொண்டு, அதிரசப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்தபடி மெதுவாக நடந்தாள். இருந்தது ஒரே ஒரு டார்ச் லைட் என்பதால் அவரும் மெதுவாகத்தான் நடக்க வேண்டியிருந்தது.